இரண்டாவது ரிவ்யூவர் நான்தான், நஸ்ரீன்

நான் போட்ட சண்டைகளையெல்லாம் சிரித்தே தோற்கடித்த என் நஸ்ரீனுக்கு,

உன் சனிக்கிழமை வகுப்பை இப்போது நான்தான் எடுக்கிறேன். கடலே இல்லாத வேலூரில் உட்கார்ந்துகொண்டு, கடற்கரை ஆய்வுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஆய்விதழில் கட்டுரை வருவது எப்படி என்று சொல்லித்தரும் அதே வகுப்பு. "ஜாதகம் மாதிரி ஒரே கட்டுரைய நாலு எடத்துக்கு அனுப்பாதீங்க, ஒரு எடத்துல பதில் வந்தப்புறம்தான் அடுத்தது" என்று நீ சொன்னால் வகுப்பே சிரிக்கும். அதையே நானும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு எரிந்தது. செத்துப்போனவள் மேலும் பொறாமைப்படுகிற ஒருத்தி உண்டா? நான் இருக்கிறேனே.

நாம் ஒரே வருடம், ஒரே ஆய்வகத்தில் சேர்ந்தோம். நீ மேல்விஷாரத்தில் தோல் தொழிற்சாலை மேஸ்திரியின் மகள், நான் குடியாத்தத்து லுங்கித் தறிவீட்டுப் பெண். தோலுக்குப் போடும் குரோமியம் பாலாற்றோடு இறங்கிக் கடல் சேற்றில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதுதான் இருவருக்கும் ஆய்வு. உன் கட்டுரைகள் வெளிவந்தன. என்னுடையவை 'வருந்துகிறோம்' என்று திரும்பி வந்தன. ஒவ்வொரு முறையும் பிரியாணி கொண்டுவந்து ஆறுதல் சொன்னாய். அதுதான் ஜாஸ்தி வலித்தது.

போன வருடம் ஓர் ஆய்விதழ், எழுதியவர் பெயரை மறைத்து ஒரு கட்டுரையை ரிவ்யூவர்களில் ஒருத்தியாக எனக்கு அனுப்பி, வெளியிடலாமா என்று கேட்டது. இரண்டாம் பக்கத்திலேயே ஆள் தெரிந்துவிட்டது. சேறு எடுத்த இடங்களுக்கு எண் போடும்போது எல்லாரும் முகத்துவாரத்தை ஒன்று என்று வைத்து மேலே ஏறி வருவார்கள். நீ ஒருத்திதான் மேல்விஷாரத்தில் ஒன்று போட்டுக் கடலுக்கு இறங்குவாய். "அழுக்கு எங்க ஆரம்பிக்குதோ அங்கதான் ஒண்ணு" என்பாய்.

எழுதியவரைத் தெரியும் என்று ஆய்விதழின் ஆசிரியரிடம் சொல்லி ஒதுங்கியிருக்க வேண்டும். முதல் வகுப்பிலேயே நீ சொல்லும் பாடம் அது. நான் ஒதுங்கவில்லை. குறை தேடினேன், கிடைக்கவில்லை. 'இன்னொரு மழைக்காலத்துச் சேற்று மாதிரிகளும் தேவை' என்று எழுதி அனுப்பினேன். ஒரு வருடம் தள்ளிப்போகட்டுமே என்றுதான். அந்த மழை வருவதற்குள் மாரடைப்பில் நீ போய்விட்டாய்.

போன வாரம் உன் மாணவி கௌரி அந்தக் கருத்துகளைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தாள். உன்னோடு சேர்ந்து அவளும் எழுதிய இந்தக் கட்டுரை வெளிவராமல் அவளால் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. "மேடம், இந்த ரெண்டாவது ரிவ்யூவருக்கு இன்னா பதில் எழுதறது?"

அது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"எனக்கு ஒரு வருஷம் போச்சு மேடம்" என்றாள். பிறகு, "நஸ்ரீன் மேடத்துக்கு அப்பவே தெரியும். படிச்சதுமே சிரிச்சாங்க. இது செல்வியோட கேள்வி, அவ கேட்டா காரணம் இருக்கும், மழை வரட்டும், எடுத்துடலாம்னாங்க."

எதை வைத்து என்னைக் கண்டுபிடித்தாய்? கண்டுபிடித்தபின் ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? அதற்குப் பிறகும் இரண்டு முறை என்னோடு உட்கார்ந்து டீ குடித்தாயே. இதிலும் நீதான் மேல் என்று நினைக்கும்போது இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது, வேறென்ன சொல்ல?

நேற்று ஆய்விதழ் ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். எழுதியவரை எனக்குத் தெரியும், அந்தக் கருத்து நேர்மையானது இல்லை, நீக்கிவிடுங்கள் என்று. இனி யாரும் எனக்குக் கட்டுரை அனுப்பாமல் போகலாம். போகட்டும். கௌரி கேட்டால் மட்டும் அவள் ஆய்வேட்டை முடிக்கக் கூடவே உட்காருவேன்.

வரும் சனிக்கிழமை உன் வகுப்பில் இதைத்தான் பாடமாகச் சொல்லப்போகிறேன், பெயரை மறைக்காமல். அழுக்கு ஆரம்பித்த இடத்தில்தானே ஒன்று போட வேண்டும்? என்னிலிருந்தே எண்ணத் தொடங்குகிறேன் நஸ்ரீன்.

உன் பொறாமை பிடித்த தோஸ்த்,
செல்வி