பின்வாசல் தாழ்ப்பாள்

தம்பிக்கு,

வரும் செவ்வாய்க்கிழமை ஊரே இரண்டு அணியாகத் தெருவெல்லாம் ஆடும் ஆட்டத்துக்குப் பந்து இறங்குகிறது. கூட்டம் இடித்து உடைக்காமலிருக்க முன்பக்க ஜன்னல்களுக்கு இப்போதே பலகை அடித்துவிட்டேன். அப்பா கட்டிலோடு இருக்கிறார். மருத்துவர் பெரிதாக எதுவும் சொல்வதில்லை.

உள்ளூர்க்காரர்கள் மோதும் ஆட்டத்துக்கு டெர்பி என்ற பெயர் நம் டெர்பி மாவட்டப் பந்தாட்டத்திலிருந்து வந்தது என்று ஊரே நம்புகிறது. குதிரைப் பந்தயத்திலிருந்தும் வந்திருக்கலாம், எதற்கும் உறுதியான சான்றில்லை என்று நேற்று அப்பாவிடம் சொன்னேன்.

"இவ்ளோ படிச்சு என்னத்தக் கிழிச்ச? ஒரே வீட்ல ரெண்டு கட்சி இருந்தா அதாண்டி டெர்பி."

ஓடையின் எந்தக் கரையில் பிறந்தோமோ அந்த அணி. அவர் வடகரை. அம்மாவுக்குத் தென்கரையில் கடைக்குப் போன இடத்தில் வலி கண்டதால் நீ தென்கரை. அதற்கு நீ என்ன செய்வாய்? ஆனாலும் நீ கோல் போட்ட அன்று அவர் சாத்திய கதவு சாத்தியதுதான்.

இன்று காலை, செவ்வாயன்று பின்வாசல் தாழ்ப்பாளைத் திறந்து வைக்கச் சொன்னார்.

"எதுக்குப்பா?"

"பந்து இந்தப் பக்கம் வந்தா வேலியை உடைச்சிருவானுங்க."

நம் சந்துக்குள் பந்து வந்ததே இல்லை. அவருக்கும் தெரியும்.

"தென்கரை ஆளு யாராவது வந்தா?"

"வரட்டும். சேத்துக் காலோட மட்டும் உள்ள வர வேணாம்னு சொல்லு."

சொல்லிவிட்டேன். கால் துடைக்கப் படியில் பழைய துண்டு ஒன்று போட்டிருப்பேன்.

அக்கா