ஒட்ட அறுத்த ஷாட்டுகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஐதராபாத்திலிருந்து சந்தியா. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? தறிச் சத்தத்தில் போனில் பாதிதான் உங்களுக்குக் கேட்கிறது, அதனால் எழுதுகிறேன்.

பங்குனி உத்திரத்துக்கு வர முடியாது. பயப்பட ஒன்றுமில்லை, எரிச்சல்தான். எடிட்டர் ஆனந்தராஜ் ஒரு சினிமாப் பாட்டை வெட்டி முடித்து, கிராபிக்ஸ் வேலைக்காக எங்கள் சாப்ட்வேருக்கு மாற்றி அனுப்பினார். மொத்தம் நாற்பது ஷாட். எதிலும் முன்னும் பின்னும் ஒரு பிரேம்கூட உபரி இல்லை. ஒரு காட்சி கரைந்து அடுத்ததாக மாற, இரண்டும் கொஞ்ச நேரம் ஒன்றன்மேல் ஒன்று ஓட வேண்டும்; அந்த இடத்தில் வெறும் கறுப்புத்தான் வருகிறது. கேட்டால், "படத்துல வராதத எதுக்குமா அனுப்பணும்?" என்கிறார். மூன்று முறை திருப்பி அனுப்பினேன். மூன்று முறையும் அப்படியே வந்தது.

பத்தாவது படிக்கும்போது நெய்து முடிந்த பாவு நூலை நான் தறி அச்சோடு ஒட்ட அறுத்துவிட்டேனே, நினைவிருக்கிறதா? "கொஞ்சம் உட்டு அறுக்கமாட்டியா? புதுப் பாவ எதுலமா பிணைக்கிறது?" என்று கத்தினீர்கள். நாலாவது முறை திருப்பி அனுப்பும்போது அதே திட்டை வார்த்தை மாறாமல் அவருக்குக் கொடுத்தேன். சிரிக்கிறார் மனிதர்.

கறிவேப்பிலைப் பொடி தீர்ந்துவிட்டது, கொரியரில் அனுப்புங்கள். ஆனந்தராஜிடமிருந்து நாலாவது முறையும் பாட்டு வந்துவிட்டதாம், கூப்பிடுகிறார்கள். ஒன்று மட்டும் அப்பா, அம்மா அனுப்பும் வீடியோ "சரிமா" என்றதுமே நின்றுவிடுகிறது. பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். தறிச் சத்தமாவது கேட்கட்டும்.

சந்தியா