சாவடியில் நிற்காத சைக்கிள்

4.6.2007, திங்கள்
விடியவே தூறல். பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.
பாலத்தடி இராணுவச் சோதனைச் சாவடியில் புசல்லாவை பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியிருந்தார்கள். வரிசையில் எங்கள் கணித ஆசிரியர் செல்வராஜ். அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டார் போல. சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றவர் என்னைக் கண்டதும் கத்தினார்.
"சேர்! நம்ம ஸ்கூல்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க சேர்!"
சைக்கிளை மறிப்பதில்லை. சிங்களத்தில் ஒரு காலை வணக்கம், அவ்வளவுதான். நின்றால் என் அட்டையையும் கேட்பார்கள். அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், சந்தேகப்பட அது போதும். காது கேளாதவன் மாதிரி மிதித்தேன்.
பத்து மணிக்குப் பள்ளிக்கூட அதிபர், "செல்வராஜ் வரலையே, வழியில பார்த்தீங்களா?"
"இல்லை சேர், நான் காணேல்லை."

5.6, செவ்வாய்
சுற்றாடல் தினம். மழை விடவில்லை. அதிபர் மேடையில் என்னைக் காட்டி, "சூழல் மேல அக்கறைப்பட்டு சைக்கிள்ல வர்ற ஒரே ஆசிரியர் இவர்தான்."
பேசினேன். புகை, பூமி சூடாவது, பருவமழை தவறுவது, மண்சரிவு. எல்லாம் உண்மை. கண்டி ரோட்டு ஏற்றத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளும் சங்கதியைச் சொல்லவில்லை. பஸ்களை மறித்து ஆட்களை இறக்கத் தொடங்கிய பிறகே சைக்கிள் வாங்கினேன் என்பதையும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் யுத்தத் தடையால் பெற்றோல் வராத காலத்தில் சனம் முழுக்க மிதித்தது, ஒருவரும் கைதட்டவில்லை. இன்று பலத்த கைதட்டல்.
ஆசிரியர் வரிசையில் செல்வராஜின் கதிரை வெறுமை. நேற்றுப் பின்னேரம் வரை பொலிஸில் வைத்திருந்தார்களாம். அதிபர் கடிதத்தோடு போய்த்தான் வெளியே எடுத்தார்.
சீ. வெட்கமாக இருக்கிறது.

6.6, புதன்
வெயில். செல்வராஜ் வந்தார். நான் நிற்காமல் போனதை ஒருவரிடமும் சொல்லவில்லை. தேநீர் நேரத்தில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"விடுங்க சேர். நின்னிருந்தா ரெண்டு பேரையும் வச்சிருப்பானுங்க."
ஏசியிருந்தால் நிம்மதி. பேக்கரியில் பாண் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

7.6, வியாழன்
சைக்கிளை வேண்டுமென்றே வீட்டில் விட்டேன். கெலிஓயாவில் புசல்லாவை பஸ் பிடித்தேன். உள்ளே செல்வராஜ். சிரித்து, இடம் விட்டார்.
சாவடியில் வழக்கம்போல எல்லோரையும் இறக்கினார்கள். அவர் அட்டையைக் காட்டிவிட்டுத் திரும்ப ஏறிவிட்டார். என் அட்டையைச் சிப்பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தனியே நில் என்றான். பஸ் பக்கம் பார்க்கவே கூசியது, குனிந்துகொண்டேன்.
செல்வராஜ் இறங்கி வந்தார். சிப்பாயிடம் சிங்களத்தில் சொன்னார், இவர் எங்கள் பள்ளிக்கூடத்து சேர் என்று.
நான் கூப்பிடவேயில்லை.