ஆறரை மணிக்குப் பிறக்காத எச்சரிக்கை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம்தான், உன் இருமலும் இதற்குள் நின்றிருக்கும் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை, மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே மாத்திரை எங்கே என்று வீட்டைக் கலைக்கிறார். உன் தங்கை சிட்டுவுக்குத் தோள் எலும்பு கூடிவிட்டது, கட்டும் பிரித்தாகிவிட்டது. மற்றபடி, "மாமாவை விட்டுடும்மா, பாவம், இந்த வயசுல வேலை போனா எங்க போவார்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவன்தான், என் கூடப் பிறந்த தம்பிதான், யார் இல்லை என்றது? ஆனால் கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு பாவம் பார்ப்பது சுலபமப்பா. நடந்ததை முதலில் முழுசாகக் கேள்.

விமானத் திடலில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். விடிகாலை ஐந்து மணிக்குப் போய்க் கணினியில் வானிலைத் தளத்தைத் திறக்க வேண்டும், மேகம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எத்தனை தூரம் கண்ணுக்குத் தெரியும், காற்று எந்தப் பக்கம் என்று இங்கேயும் போய் இறங்கும் இடத்திலும் நடுவில் இருக்கும் மலையிலும் பார்த்து, அச்செடுத்துப் போர்டில் குத்தி, ஓட்டுகிறவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எட்டு மணிக்கு நான் கிளம்பிவிடுவேன், அதற்குப் பிறகு கணினியும் வயர்லெஸ்ஸும் மேலாளர் பொறுப்பு, அதாவது உன் மாமன் பொறுப்பு. அன்றைக்குச் சிட்டு தன் சின்ன விமானத்தில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஏழு மணிக்குப் புறப்பட்டாள். தாளில் எல்லாம் சுத்தமாக இருந்தது, நானே பார்த்தேன், அவளும் வரிவரியாக விரல் வைத்துப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டாள். எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு மலையில் மேகம் இறங்குகிறது, சின்ன விமானங்கள் திரும்பிவிடவும் என்று தளத்தில் எச்சரிக்கை வந்திருக்கிறது. வயர்லெஸ்ஸை எடுத்து ஒரே ஒரு வார்த்தை, திரும்பு என்று சொல்லியிருந்தால் பிள்ளை திரும்பியிருப்பாள். துரை, அதான் உன் மாமன், கேன்டீனில் உட்கார்ந்து கம்பெனிப் பங்குதாரரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷம். அதற்குள் அவளை மேகம் மூடிவிட்டது, கண்ணில் பட்ட ஒரு வயலில் அவள் இறக்கப் போய், விமானத்தின் மூக்கு உடைந்து, அவள் தோளும் உடைந்தது. உயிரோடு வந்தாளே என்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதது அப்பாவுக்குத்தான் தெரியும்.

உன் மாமன் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான். வெளியே வந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா, நீ ஒண்ணும் கவலைப்படாதே, உன் மேல பழி வராம நான் எழுதிட்டேன்" என்றான். அப்படி என்னதான் எழுதினான் என்று அடுத்த வாரம் கோப்பில் வைக்கச் சொல்லி அவனுடைய விபத்து அறிக்கையின் நகல் என் மேசைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். எச்சரிக்கை அதிகாலை இரண்டு நாற்பதுக்கே வந்துவிட்டதாம், நான் அதைப் போர்டில் குத்தினேனாம், ஆறரை மணிக்கு இவனே சிட்டுவிடம் வாயால் சொன்னானாம், அவள் திமிராக உதறிவிட்டுப் போனாளாம். பின்னால் அத்தாட்சிக்கு அந்த எச்சரிக்கையின் அச்சுத் தாள். சிட்டுவின் லைசென்ஸை நிறுத்தி வைத்ததும் இதை நம்பித்தான்.

தாளைப் பார்த்தேன், பார்த்த மாத்திரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாற்பது என்பது உலக நேரமப்பா. அந்தத் தளத்தில் எல்லாமே உலக நேரத்தில்தான் வரும், நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். இந்தத் தொழிலில் காலடி வைத்த முதல் நாளே சொல்லித்தரும் விஷயம், அதனால்தான் நான் ஒவ்வொரு தாளிலும் பக்கத்தில் சிவப்பு மையால் நம் நேரத்தை எழுதுவேன். மேலாளர் நாற்காலியில் இத்தனை வருஷம் உட்கார்ந்தும் அந்தத் தளத்தை ஒரு நாள் கண்கொண்டு பார்க்காத மகராசன், இரண்டு நாற்பதைப் பார்த்ததும் பிழைத்தோம் என்று அதைப் பிடித்துத் தொங்கிவிட்டான். எட்டு பத்துக்கு வந்த எச்சரிக்கையை ஆறரைக்கே சொன்னேன் என்று கையெழுத்தும் போட்டுவிட்டான்.

அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் என்ன செய்திருப்பான்? ஐயோ அக்கா, நேரத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று அசடு வழிந்து, அந்தத் தாளை உருவிவிட்டு வேறு கதை கட்டியிருப்பான். விடுவேனா? நகலைக் கோப்பில் வைத்தேன், ஒன்றை என் பைக்குள் வைத்தேன், பேசாமல் இருந்தேன். பங்குதாரர்கள் முன்னால் அதையே சொன்னான், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். இன்ஷூரன்ஸ்காரரிடம் சொன்னான், இன்னும் கொஞ்சம் அலங்காரம் சேர்த்து. சொல்லு ராசா, நன்றாகச் சொல்லு என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு அவனுக்கு நானே தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

போன வியாழக்கிழமை அரசாங்கத்து விசாரணை அதிகாரியம்மா வந்தார், இவரே ஒரு காலத்தில் விமானம் ஓட்டியவர். என் முறை வந்ததும், ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டுமா என்று அனுமதி வாங்கி, "தம்பி, அந்த எச்சரிக்கையை நீ பிள்ளைகிட்ட எத்தனை மணிக்குச் சொன்னே?" என்றேன். "ஆறரைக்கு அக்கா, போர்டு பக்கத்துல நின்னு சொன்னேனே, நீயும்தான் இருந்தே" என்கிறான், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தாளை எடுத்து அதிகாரியம்மா முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார், "ஏன் சார், எட்டு பத்துக்கு வந்தது ஆறரைக்கே உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். அவன் முகம் வெளுத்ததைப் பார்க்க எனக்கு இரண்டு கண் போதவில்லை. என்னைப் பார்த்து "அக்கா" என்றான். யாருக்கு அக்கா? அன்று சாயங்காலமே அவனை அனுப்பிவிட்டார்கள், சிட்டுவின் லைசென்ஸ் திரும்பி வந்தது. நான் வருத்தப்படவில்லை, இனியும் படப்போவதில்லை, அவன் வாசலில் வந்து நின்றாலும் கதவைத் திறக்க மாட்டேன், நீ எத்தனை கடிதம் எழுதினாலும் சரி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன். வெளியே வந்ததும் சிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இது உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள். நான் பெருமையாக, விபத்து நடந்த அடுத்த வாரமே தெரியும் என்றேன். கையை விட்டுவிட்டாள். பிள்ளை, எச்சரிக்கையை நான்தான் கவனிக்காமல் போய்விட்டேனோ, இனி என் கண்ணை நானே எப்படி நம்புவது என்று ஏழு வாரமும் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாளே, சோறு ஊட்டியதே நான்தானே. சொன்னால் பிள்ளை பொறுக்க மாட்டாள், மாமனிடம் போய்க் கொட்டிவிடுவாள் என்று நினைத்தேனப்பா, அதுதான் சத்தியம். "மாமா அவர் தப்பிக்கறதுக்காக என்னை மாட்டிவிட்டார், நீ அவரை மாட்டிவிடறதுக்காக என்னை அப்படியே கிடக்க விட்டுட்டே" என்றாள். மறுநாள் துணிமணியை எடுத்துக்கொண்டு திடலுக்குப் பக்கத்து விடுதிக்குப் போய்விட்டாள். காலையில் தாளுக்குக் கையெழுத்துப் போட வருகிறாள், பேனாவைக் கூட என் கையிலிருந்து வாங்குவதில்லை.

நீ அங்கே நன்றாகச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி இருக்க என் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல் அவளுக்கு ஒரு போன் போடு. என்னைப் பற்றி நீயாக எதுவும் பேசாதே. சாப்பிட்டாளா, தோள் வலிக்கிறதா என்று மட்டும் கேட்டு எனக்கு எழுது, நான் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா