செவலைக்குப் போட்ட ஊசி

டென்மார்க்,
சனிக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

தமிழ்மதி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

உயர்ரகக் காளைகளின் விந்தை உறையவைத்து எங்கள் நிறுவனம் ஆப்பிரிக்கா வரை அனுப்புகிறது என்று சொன்னேனில்லையா? நேற்று கென்யாவிலிருந்து ஒரு விவசாயி அழைத்து, இருப்பதிலேயே பெரிய காளையினுடையதைக் கேட்டார். "மாடு எப்படி?" என்று விசாரித்தேன். சின்னக் கிடாரி, தலையீற்று என்றார். "வேண்டாம் ஐயா, கன்று பெருத்தால் ஈன முடியாது. சின்ன இனக் காளையே போதும்" என்று தடுத்துவிட்டேன். விலை கூடிய விற்பனை கைவிட்டுப் போனதென்று மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். வேலைக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதீர்கள்.

நம் செவலையும் சின்னக் கிடாரிதான்; அதற்கு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை அப்பா. கால்நடைப் படிப்பு முடித்த மிதப்பில், "பெரிய காளை ஊசியே போடச் சொல்லுங்கப்பா, கன்னு வளந்தா அம்புட்டுப் பால் கறக்கும்" என்று போனில் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். ஈன முடியாமல் அது செத்தபோது, "விதி, நீ அழுகாத தாயி" என்றீர்கள். அது விதியில்லை அப்பா, என் அவசரம்தான். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது.

கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்புங்கள். சாப்பிடும் நேரத்தில் ஒருநாள் போன் போடுங்கள், இங்கே பேசிக்கொண்டே சாப்பிட ஆளில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
தமிழ்மதி