பத்து நாள் பஸ்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் மண். 8.10 பஸ் வந்தது 8.25-க்கு.

இன்றிலிருந்து பத்து நாள் சோதனை. எங்கள் காலனி பஸ்ஸில் ஆளே ஏறுவதில்லை, பத்து நாள் பார்ப்போம், தேறாவிட்டால் மெயின் ரோட்டோடு நிறுத்திவிடுவோம் என்று டெப்போவில் சொல்லிவிட்டார்கள். மெயின் ரோடு இங்கிருந்து இரண்டரை கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கருவேலங்காடு, எரியாத லைட்டுக் கம்பங்கள்.

ரேஷன் கடைச் சுவரில் சங்கம் ஒட்டிய தாளிலிருந்து:
பஸ் சோதனை 7 முதல் 16 வரை, அனைவரும் பயணம் செய்து ஒத்துழைக்கவும்.
ஞாயிறு காலை நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி.
குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
பூங்கா திறப்பு விழா தள்ளிவைப்பு. (மூன்றாவது தடவை. அதற்குள் ஊஞ்சல் சங்கிலி துருப்பிடித்துவிட்டது.)

சாப்பிடும்போது இவர் சொன்னார், பஸ் நின்றால் நீயும் வேலையை விட்டு நின்றுகொள் என்று. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று என்பதுபோலச் சொன்னார். கோரிப்பாளையம் மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்து நாளையோடு மூன்று மாதம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் வீட்டுக்கு வெளியே எனக்கென்று ஒரு நாற்காலி இதுதான். அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. பாய்கூட உட்காருவதில்லை, அவர்தான் முதலாளி.

நாளைக்கு: தோசை மாவு. கேஸ் புக் பண்ண.


ஜூலை 8, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை. முறைப்படி இன்று வர வேண்டும்.

பக்கத்து வீட்டு மல்லிகாதான் சங்கச் செயலாளர். ஒரு திட்டம் வைத்திருக்கிறாள். காலையும் சாயந்திரமும் ஓரளவு கூட்டம் இருக்கிறது, மத்தியானம் 1.40 ட்ரிப்தான் காலி. அதற்கு முறை போட்டுவிட்டாள். தினம் நாலு பெண்கள் பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை போய் அதே பஸ்ஸில் திரும்ப வேண்டும். வேலை இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே கிடையாது. "காசா பணமா, ஏறி ஒக்காந்தா போதும்" என்கிறாள். பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாயிற்றே.

யார் வந்தார்கள், யார் டிமிக்கி கொடுத்தார்கள் என்று எழுதி வைக்க வேண்டுமாம். சங்க நோட்டு தலைவர் வீட்டு பீரோவில். தலைவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டில். அதனால் என் டைரி. தினம் சாயந்திரம் சுவரில் சாய்ந்துகொண்டு மத்தியானப் பேர்களைச் சொல்வாள், நான் எழுத வேண்டும். சொந்த டைரியில் ஊர் வருகைப் பதிவேடு.

காலை: நான், சாந்தி, பாண்டியம்மா, காலேஜ் பெண்கள் நாலு. ஆண்கள் இரண்டு.
மத்தியானம்: மல்லிகா, சாந்தி, பாண்டியம்மா, மூன்றாவது தெரு டீச்சர்.
மாலை: நான், காலேஜ் பெண்கள் மூன்று. ஆண்கள் மூன்று.

கண்டக்டர் ஒரு தூங்குமூஞ்சி. ஆண்களிடம் மட்டும் போய் மெஷினைத் தட்டிவிட்டுக் கடைசி சீட்டில் சாய்ந்துவிடுகிறார். சாந்தி எங்களுக்கும் சீட்டு கேட்டாள். "ஏறுறது பூரா நீங்கதான யக்கா, எனக்குத் தெரியாதா. பேப்பர எதுக்கு வீணாக்கிக்கிட்டு" என்றார். அதுவும் சரிதான் என்று சிரித்துவிட்டோம்.


ஜூலை 9, புதன்

கடையில் ஒரு பெரியவர். கண்ணாடி போட்டதும் சுற்றிப் பார்த்துவிட்டு, கடை இம்புட்டு அழுக்கா இருக்கே என்றார். பாய் மத்தியானம் வெள்ளையடிக்க ஆள் விசாரித்தார்.

இவர் அச்சகத்திலிருந்து வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள். புரூஃப் பார்ப்பது என்றால் இவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம், சிவப்புப் பேனா இருந்தால் போதும். ஒரு பத்திரிகையில் முகூர்த்த நேரம் மேலே ஒன்று, கீழே ஒன்று. இவர் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வைத்தார். பஞ்சாங்கத்தைப் பார்த்து நீங்களே சரியாகப் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"நம்மளா மாத்தக் கூடாது. சந்தேகம்னா கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பணும். எழுதுனவுகதான் முடிவு சொல்லணும்."

இன்று இவர் பேசியது இவ்வளவுதான்.

காலை: நேற்றுப் போல. கூட இரண்டு பேர்.
மத்தியானம்: நாலு பேர். பாண்டியம்மா போகும்போது முருங்கைக்கீரை ஆய்ந்து முடித்தாளாம், வரும்போது பூண்டு உரித்தாளாம். பெரியாரில் இறங்கவேயில்லை. இறங்கினால் இடம் போய்விடும் என்ற பயம், காலி பஸ்ஸில்.
மாலை: எட்டு பேர்.


ஜூலை 11, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை, தலைவலி. நேற்றுக் கணக்கு: காலை ஒன்பது, மத்தியானம் நாலு, மாலை எட்டு.

மூன்றாவது தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியிருக்கிறார்கள். பஸ் அந்தப் பக்கம் வராமல் கோயில் வழியாகச் சுற்றி வந்தது. பள்ளத்துக்குப் பக்கத்தில் "வளர்ச்சிப் பணி நடைபெறுகிறது" என்று போர்டு. போர்டும் பள்ளத்துக்குள் சாய்ந்து கிடக்கிறது.

காலை: பத்து பேர்.
மத்தியானம்: சாந்தி, பாண்டியம்மா, மூன்றாவது தெரு டீச்சர், சாந்தி.
மாலை: எட்டு.

சாயந்திரம் பஸ்ஸில் ஜன்னலோரம். சமணர் மலைப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்று கடையில் கூட்டம், காலையிலிருந்து நின்ற காலுக்கு உட்கார்ந்து வருவதே சுகமாக இருந்தது. வீடு வராமல் இன்னும் கொஞ்ச நேரம் போனால் நல்லது என்று நினைத்தேன்.


ஜூலை 12, சனி

மத்தியானம் மழை, அரை மணி நேரம். மாவு புளித்துவிட்டது.

காலை: ஆறு.
மத்தியானம்: யாருமில்லை. மூன்று பேர் மழையென்று நின்றுவிட்டார்கள். நாலாவது மல்லிகா முறை. அவளே போகவில்லை. தலைவலியாம். அவள் வீட்டில் டிவி ஓடியது நான்கு வீட்டுக்குக் கேட்டதாகச் சாந்தி சொல்கிறாள்.
மாலை: நான் மட்டும். நானும் தூங்குமூஞ்சியும் டிரைவரும்.


ஜூலை 13, ஞாயிறு

நாய் ஊசி. வண்டியைக் கண்டதும் தெருவில் ஒரு நாய் இல்லை. வண்டி போனதும் எல்லாம் வந்து படுத்துக்கொண்டன.

இவரோடு சண்டை. வாசலில் மல்லிகாவோடு அடுத்த வார முறை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்ததும், பஸ்ஸுக்கு ஆள் சேர்க்கிறீர்களா கட்சிக்கு ஆள் சேர்க்கிறீர்களா என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். இல்லை, கேட்டுவிட்டேன், உங்களுக்கு என்ன கஷ்டம் என்று. இருட்டின பிறகு அந்த ரோட்டில் நீ தனியாக நடந்து வருவதை நினைத்தால் எனக்கு வேலை ஓடாது என்கிறார். நடக்கக் கூடாது என்றுதானே பஸ்ஸைக் காப்பாற்றப் பார்க்கிறோம்.

இவருக்கு நான் வேலைக்குப் போவதே பிடிக்கவில்லை. பயம் என்பதெல்லாம் சாக்கு. பஸ் நின்றால் இவர்தான் முதலில் சந்தோஷப்படுவார்.

எழுதியபின் கொஞ்சம் ஆறியது.

பஸ் கணக்கு: ஞாயிறானதால் காலை மூன்று, மத்தியானம் ஐந்து (பாண்டியம்மா வீட்டு விருந்தாளிகளையும் ஏற்றிவிட்டாள்), மாலை இரண்டு.


ஜூலை 16, புதன்

கடைசி நாள். திங்கள், செவ்வாய் பேர்கள் எதிர்ப்பக்கத்தில் தனியாக எழுதியிருக்கிறேன்.

காலையில் நிற்க இடமில்லை. மல்லிகா அவள் கொழுந்தன் வீட்டையே கூட்டி வந்துவிட்டாள். மத்தியானம் பதினொரு பேர். டிரைவர் திரும்பிப் பார்த்து, என்ன விசேஷம், காதுகுத்தா என்று கேட்டாராம். காலையில் தூங்குமூஞ்சி முதல் தடவையாக எழுந்து நின்றார், உட்கார இடமில்லாமல்.

சோதனையில் பாஸ்தான். நாளை ஆடி பிறக்கிறது.


ஜூலை 18, வெள்ளி

பஸ் நிற்கிறது. ஆகஸ்ட் ஒன்றிலிருந்து.

டெப்போ கணக்குப்படி சராசரியாகக் காலையில் இரண்டு பேர், சாயந்திரம் மூன்று பேர், மத்தியானம் பெரும்பாலும் யாருமில்லை. மெஷினில் அடித்த சீட்டுதான் கணக்காம். பெண்கள் இலவசமாகப் போனாலும் ஒரு சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும், அதை வைத்துத்தான் ஆள் எண்ணுவார்களாம். பத்து நாள் ஏறி இறங்கியதில் நாங்கள் ஒருத்திகூட ஏறவில்லை.

கண்டக்டரை மட்டும் திட்டி என்ன. கொடுக்கவில்லை என்றதும் சிரித்தது நாங்கள்தானே.

பாய் கேட்டார், என்னம்மா முகம் வாடியிருக்கு என்று. ஒன்றுமில்லை என்றேன். கண்ணாடி துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அழுகையாகத்தான் வந்தது.

இவரிடம் சொன்னேன். சரி என்றார். சந்தோஷமா துக்கமா தெரியவில்லை.


ஜூலை 19, சனி

மல்லிகாவும் சாந்தியும் டெப்போ போனார்கள். கிளை மேலாளர் உட்கார வைத்துக் கேட்டாராம். ஏறினோம் என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்றாராம். உடனே மல்லிகா, "எங்க அக்கா டைரியில எழுதியிருக்காக சார், தினமும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். திங்கள் காலை பத்து மணிக்கு டைரியோடு நான் போக வேண்டும். பேர்களை மட்டும் ஒரு தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். அதையும் அவள் கேட்டுப் பார்த்தாளாம். புதிதாக எழுதிக் கொண்டுவந்தால் நம்ப மாட்டேன், அன்றன்றைக்கு எழுதியதுதான் வேண்டும் என்றாராம்.

டைரியை ஒருமுறை புரட்டினேன்.

டெப்போவில் படிக்கப்போவது: கண்டக்டர் தூங்குமூஞ்சி. செயலாளருக்குத் தலைவலியும் டிவியும். பாண்டியம்மா பூண்டு. எங்கள் வீட்டுச் சண்டை.


ஜூலை 20, ஞாயிறு

காலையில் முழுதும் படித்துப் பார்த்தேன். 13-ஆம் தேதியைக் கிழித்துவிடலாம் என்றால் அதன் முதுகில் 14-ம் 15-ம் இருக்கின்றன. மேலே தாள் ஒட்டலாம். ஒட்டியிருந்தால் எதை மறைத்தோம் என்று கேட்பார்கள். கறுப்பு மையால் அடிக்கலாம். அதுவும் அப்படித்தான்.

ஊர்பேர் தெரியாத ஒருவர் படிப்பதற்கு முன்னால் இவர் படிப்பதுதான் முறை. மத்தியானம் காபியோடு கொடுத்தேன். "நாளைக்கு இதைக் காட்டப் போறேன். நீங்க ஒரு தடவ பாத்துருங்க" என்றேன். இவர் கை தானாகச் சட்டைப் பையில் சிவப்புப் பேனாவைத் தேடியது. நான் கொல்லையில் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவியதையே திரும்பவும் கழுவினேன்.

ஒரு மணி நேரம். பிறகு கொல்லை வாசலில் வந்து நின்றார்.

"பதினொண்ணாந்தேதி மத்தியானம் சாந்தி பேரு ரெண்டு தடவ வந்திருக்கு. ஒண்ண எடுத்துரு. இல்லாட்டி மத்ததும் பொய்யின்னு நெனச்சுருவாக."

வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போனார்.

பிரித்துப் பார்த்தேன். சாந்தியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அப்புறம் 13-ஆம் தேதியில், நான் வேலைக்குப் போவதே பிடிக்கவில்லை என்ற வரிக்கு நேராக, ஓரத்தில், சின்னதாக ஒரு கேள்விக்குறி. அடிக்கவில்லை, மாற்றவில்லை.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குக்கர் தீய்ந்தது.


ஜூலை 21, திங்கள்

கடைக்கு அரைநாள் லீவு. மல்லிகாவும் நானும். மேலாளர் ஐம்பது வயது இருக்கும், பொறுமையாகத் தாள் தாளாகப் படித்தார். ஒரு இடத்தில் சிரிப்பை அடக்கினார். 12-ஆம் தேதியில் நிறுத்தி, "யாருமில்லைன்னும் எழுதியிருக்கீங்க. பொய் எழுதுறவங்க இத எழுத மாட்டாங்க" என்றார். மல்லிகா, என்ன எழுதியிருக்கு என்று எட்டிப் பார்த்தாள். அவர் பக்கத்தைத் திருப்பிவிட்டார். நல்ல மனுஷன்.

13-இல் கண் நின்றது. சிவப்பாக இருக்கிறதே, இது என்ன என்று கேட்டார்.

"வீட்டுல ஒரு சந்தேகம் சார்" என்றேன்.

அவர் அடுத்த தாளுக்குப் போனார்.

இன்னும் ஒரு மாதம் பஸ் வரும். ஏறுகிற ஒவ்வொருத்தரும் சீட்டு கேட்டு வாங்க வேண்டும். கண்டக்டரைக் கூப்பிட்டுச் சொல்வாராம். ஒரு மாதம் கழித்து மெஷின் கணக்குதான், டைரி செல்லாது.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கேள்விக்குறிக்குக் கீழே "பார்க்கலாம்" என்று எழுதி, இன்றைய தேதி போட்டேன். டைரியை மூடாமல் டிவி மேலே வைக்கப்போகிறேன்.


ஜூலை 22, செவ்வாய்

திறந்து வைத்த டைரி காலையில் மூடியிருந்தது. காற்று குறையவில்லை. தண்ணீர் வந்தது, ஆச்சரியம். 8.10 பஸ் 8.10-க்கே வந்தது.

கண்டக்டர் படியிலேயே நின்றார். "தூங்குமூஞ்சி வந்திருக்கேன், சீட்டு வாங்கிக்கங்க யக்கா." மேலாளர் வாசித்தே காட்டிவிட்டார் போல. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மன்னிச்சுக்கங்கண்ணே என்றேன். சீட்டை அடித்துக் கையில் கொடுத்துவிட்டு, பத்திரம் என்றார்.

காலை: நான், மல்லிகா, சாந்தி (ஒரு தடவை), பாண்டியம்மா, டீச்சர், காலேஜ் பெண்கள் நாலு. ஆண்கள் மூன்று. இரண்டு பேர் தினம் வருகிறவர்கள். மூன்றாவது இவர். வண்டி பஞ்சர் என்று சொல்லி ஏறினார். கிளம்புமுன் நான் பார்த்தேன், டயர் கல்லு மாதிரி இருந்தது.