எடின்பரோவில் ஒளிந்திருந்த ஈஸ்டர்

16 ஏப்ரல் 2025, புதன். ஹம், ஜெர்மனி

காலை வேலை முடிந்தது. உடைமாற்றும் அறையில் இருந்து எழுதுகிறேன். இந்த நாட்குறிப்புக் கொப்பி வீட்டுக்குப் போவதில்லை. முதியோர் இல்லத்தில் எனக்குத் தந்த அலுமாரிக்குள்தான் கிடக்கும்.

பெண்கள் காப்பகத்திலிருந்து தொலைபேசி எடுத்தார்கள். இடம் உண்டாம். ஆனால் ஈஸ்டர் விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமைதான் அறை காலியாகுமாம். "அதுவரை சொந்தக்காரர் யாருடைய வீட்டிலாவது இருக்க முடியுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். என்ன சொல்ல? டோர்ட்முண்டில் தங்கச்சி, பாரிசில் மாமா, லண்டனில் மச்சாள். எந்த வீட்டுக்குப் போனாலும், தேத்தண்ணி ஊற்றித் தரமுதலே என் மனுசன் மூர்த்திக்குச் சொல்லிவிடுவார்கள். "மலர், அந்த மனுசனை விட்டிட்டு எங்க போகப்போறாய்?" என்று கூட்டிவந்து விட்டுப் போவார்கள். போன முறை தங்கச்சி அப்படித்தான் செய்தாள்.

சனிக்கிழமை அவர் என் தலையைப் பிடித்துக் குசினி அலுமாரியில் அடித்தார். பிர்கிற் வேலையில் வீக்கத்தைக் கண்டாள். பன்னிரண்டு வருடம் என்னோடு வேலை செய்கிறாள், இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இந்த முறை கேட்டாள். நானும் சொன்னேன்.

"உங்கள் ஆட்கள் இல்லாத ஊர் எது?" என்று இன்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஸ்கொட்லாந்தில் எங்களுக்கு ஒருவரும் இல்லை. நாளைக்கு டுசல்டோர்ஃபிலிருந்து எடின்பரோவுக்கு விமானம். பயணச்சீட்டு, நுழைவு அனுமதி எல்லாம் அவளே எடுத்துவிட்டாள். "சுற்றுலா வந்தவள்போல நட. ஒருவரும் உன்னைப் பார்க்கமாட்டார்கள்" என்கிறாள்.

எனக்கு வயது நாற்பத்தாறு. தனியாக ரயிலேறிப் பக்கத்தில் இருக்கிற எசன் வரைகூடப் போனதில்லை.

17 ஏப்ரல், வியாழன். எடின்பரோ

வந்துவிட்டேன். வேலைக்குப் போவதுபோல வெளிக்கிட்டேன். "பின்னேரம் மீன் வாங்கிக்கொண்டு வா" என்றார். ஓம் என்றேன். என் போனைக் குசினி மேசையில் விட்டுவிட்டேன். இப்போது கையில் இருப்பது பிர்கிற்றின் பழைய போன், அதோடு அலுமாரியிலிருந்து எடுத்துவந்த இந்தக் கொப்பி. விமானத்தில் யாராவது இருமினாலும் அவர் இருமியதுபோலவே கேட்டது.

கதவைப் பூட்டி, கதிரையை முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

18 ஏப்ரல், வெள்ளி

வெளியே போகவில்லை. யன்னலால் எதிர்வீட்டுப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய வெள்ளி. இந்நேரம் ஆட்களைக் கூட்டித் தேடத் தொடங்கியிருப்பார்.

19 ஏப்ரல், சனி

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் விடுதிக்காரப் பெண் கதவைத் தட்டினாள். நேற்று முழுவதும் நான் சாப்பிடவில்லை என்று கவனித்திருக்கிறாள். முட்டையும் பாணும் தந்து, ஊர் வரைபடம் ஒன்றில் பேனையால் கோடு போட்டுக் காட்டினாள். "இங்கே தொடங்கு, கோட்டைக்குப் போ, அப்படியே கீழே அரண்மனை வரை நட." அறைக்குள் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. போனேன்.

பெரிய கடைத்தெருவின் ஓரத்தில் ஒரு எழுத்தாளருக்கு நினைவுக் கோபுரம் கட்டியிருக்கிறார்கள். எரிந்து கரிந்ததுபோல ஒரே கறுப்பு. எல்லாரும் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். எடுக்காமல் நிற்பவளைத்தானே கவனிப்பார்கள்? கடை யன்னல் கண்ணாடிகளில் பின்னால் வருபவர்களைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். பச்சைக் குளிர்ச்சட்டை போட்ட ஒருவன் மூன்று தெருவாக என் பின்னாலேயே வந்தான். கடைசியில் ஒரு நாயைக் கூப்பிட்டுக்கொண்டு பூங்காவுக்குள் போனான்.

பழைய நகரம் மேட்டில் இருக்கிறது. கல் பதித்த தெரு, இரண்டு பக்கமும் ஆறேழு மாடிக் கல்வீடுகள். வீடுகளுக்கு இடையில் ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய இருட்டு ஒழுங்கைகள் படிப்படியாகக் கீழே இறங்குகின்றன. அந்தக் காலத்தில் கொள்ளைநோய் வந்து சனம் செத்த ஒழுங்கைகள் என்று ஒரு வழிகாட்டி தன் கூட்டத்துக்குச் சொன்னான். அவர்கள் ஆசையோடு எட்டிப் பார்த்தார்கள். பயத்தைக் காசு கொடுத்து வாங்குகிற சனமும் இருக்கிறது. நான் ஒவ்வொரு ஒழுங்கை வாசலையும் கண்டதும் தெருவின் நடுவுக்கு வந்துவிடுவேன்.

கோட்டைக்கு முன்னால் ஒரு பெரிய முற்றம். அங்கே நின்றால் ஊர் முழுக்கத் தெரிகிறது. அதற்கும் அப்பால் சாம்பல் நிறத்தில் கடல். காற்று தலைமயிரை இழுத்தது. கடலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் அவரை நினைக்கவே இல்லை. உண்மையாகவே நினைக்கவில்லை.

அப்போதுதான் பின்னால் தமிழ் கேட்டது.

"நீங்கள் ஹம் மூர்த்தி அண்ணையின்ர மனிசி எல்லோ?"

டுசல்டோர்ஃப் சிவகுருநாதன். ஹம் கோயில் தேருக்கு வருடாவருடம் வந்து முன்னுக்கு நிற்பவர். பக்கத்தில் அவர் மனைவி அஜிதா, இரண்டு பிள்ளைகள். பாடசாலை விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள். இத்தனை ஊர் இருக்க இங்கேதானா வர வேண்டும்?

என் வாயிலிருந்து ஜெர்மன்தான் வந்தது. "மன்னிக்கவும், ஆள் மாறிக் கேட்கிறீர்கள்" என்றேன். அவர் சிரித்தார். "பாத்தியே அஜிதா, என்ன ஒத்த முகம்! மூர்த்தி அண்ணைக்கே அனுப்பிக் கேட்பம்" என்று போனைத் தூக்கினார். நான் முகத்தைத் திருப்பமுதலே எடுத்துவிட்டார்.

நடந்தேன். ஓடக்கூடாது, ஓடினால் தெரிந்துவிடும். எடின்பரோவில் நின்று ஜெர்மன் கதைக்கிற தமிழ் முகம் வேறு எங்கிருந்து வரும்? மடைச்சி நான், மடைச்சி. ஆங்கிலத்தில ரெண்டு சொல்லுக்கூட வாயில வரேல்லையே.

தெருவின் நடுவில் ஒரு பெரிய தேவாலயம். உள்ளே போய்த் தூணோடு ஒட்டியிருந்த கதிரையில் இருந்தேன். மேலே நீல நிற வளைவுகள். எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. பின் வரிசைக் கதிரை கிரீச்சிட்டது.

"அக்கா, திரும்பாதேங்கோ."

அஜிதாவின் குரல்.

"பிள்ளையளும் அவரும் வெளியில பைப் வாத்தியம் ஊதிறவனைப் பாத்துக்கொண்டு நிக்கினம். மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வாறன் எண்டு சொல்லி வந்தனான். நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம், கேட்டாக் காணும்."

நான் மேலே இருந்த நீல வளைவுகளையே பார்த்தேன்.

"இவர் படத்தை அனுப்பிப்போட்டார். மூர்த்தி அண்ணை உடனயே போன் எடுத்தவர். எந்த ஹோட்டல், எப்ப திரும்பிற பிளேன் எண்டு கேட்டவர். கத்தேல்லை. மெல்லமா, தேன் மாதிரிக் கதைச்சவர். அந்தக் குரல் எனக்குத் தெரியும் அக்கா. டுசல்டோர்ஃபில போய் இறங்காதேங்கோ."

தோளுக்கு மேலால் ஒரு கடைப் பற்றுச்சீட்டு என் மடியில் விழுந்தது. அதில் அவளுடைய தொலைபேசி இலக்கம்.

"விளங்கினதோ?"

"ஓம்" என்றேன். தமிழில்.

திரும்பிப் பார்த்தபோது கதிரையில் யாரும் இல்லை.

20 ஏப்ரல், ஞாயிறு. ஈஸ்டர்

விடுதிக்காரி சொக்கிலேற் முட்டை ஒன்று தந்தாள். நன்றி சொல்லி வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

பிர்கிற்றோடு கதைத்தேன். நேற்றுப் பின்னேரம் மூர்த்தி முதியோர் இல்லத்துக்கு வந்து கேட்டாராம். "மனைவி சுகமில்லாதவள், மனநிலை சரியில்லை, கவலையாக இருக்கிறது" என்று அழுதாராம். புதிதாக வந்த மேற்பார்வையாளர் அவருக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தாராம். பிர்கிற் பக்கத்து அறையில் நின்று கேட்டிருக்கிறாள். "நீ சொல்லாமல் விட்டிருந்தால் நானும் நம்பியிருப்பேன்" என்றாள்.

அவர் இங்கேயே வந்துவிட்டால்? அனுமதி எடுக்காமல் வர முடியாது. ஆனால் சிலருக்கு அது கேட்டவுடனேயே கிடைத்துவிடுமாம்.

21 ஏப்ரல், திங்கள்

பிர்கிற் பயணச்சீட்டை மாற்றிவிட்டாள். வேறு விமான நிலையம். காப்பகத்துப் பெண்ணும் அங்கேயே வருவாளாம். அந்த ஊரின் பெயரை இங்கேகூட எழுதமாட்டேன்.

அறை வாசலில் காலடி கேட்கும் போதெல்லாம் எழுந்து நிற்கிறேன்.

22 ஏப்ரல், செவ்வாய்

விமான நிலையத்தின் வெளிவாசல் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. அதற்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் போய் முடிந்துவிட்டார்கள். காவலாளி வந்து, "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஓம் என்றேன். அவன் என்னோடு கூடவே நடந்து வந்தான். காப்பகத்துப் பெண் என் பெயரை மெதுவாகச் சொன்னாள்.

3 மே

நித்திரை கொண்டேன்.

12 செப்டம்பர், வெள்ளி

இந்த ஊர் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து இன்றோடு ஒரு மாதம் முடிகிறது. மத்தியான இடைவேளையில் துணிந்து அஜிதாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இத்தனை நாளும் பயத்தில் எடுக்கவில்லை. நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

என் குரலைக் கேட்டதும் அவள் எழுந்து நடக்கிற காலடி கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்துப்படுகிற சத்தம். குழாயில் தண்ணீர் ஓடியது.

"மூர்த்தி அண்ணை ரெண்டு நாள் டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில நிண்டவர் அக்கா. இவரும் கூடப் போய் நிண்டவர்."

நான் நன்றி சொல்லத் தொடங்கினேன். அவள் இடையில் கேட்டாள்.

"அக்கா... பிள்ளையளோட வந்தா காப்பகத்தில எடுப்பினமோ?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"எடுப்பினம்" என்றேன். எங்கே தொலைபேசி எடுத்துக் கேட்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் எல்லாம் சொன்னேன். எழுதிவைக்காதே, மனதில் வை என்றேன். அவள் இலக்கத்தை இரண்டு தரம் திருப்பிச் சொன்னாள்.

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"இருக்கு."

"திங்கட்கிழமை விடிய இவர் வேலைக்குப் போனா பின்னேரந்தான் வருவார்" என்றாள். பிறகு, "பிள்ளையளோட தனிய ரயில் மாறி மாறி வர ஏலாது அக்கா. எனக்கு ஒண்டும் தெரியாது."

திங்கள் எனக்குப் பகல் வேலை. யாரிடமாவது மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.